ஒரு குடம் கடல் நீர்: குஜராத் மண்ணில் மதப் பெயர்களும் மனிதர்களும்

நம் சங்க மலருக்கு ஏதாவது சரித்திரக் கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல மேல்சித்தாமூர் மடத்தைப் பற்றியோ ஆரணிக்கு அருகிலுள்ள திருமலைச் சமணக் கோயிலைப் பற்றியோ எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். அப்படி இரண்டு மூன்று மலர்களுக்கு எழுதியும் இருக்கிறேன். அன்பர்கள் படித்தார்களோ இல்லையோ, பாராட்டினார்கள்.

ஆனால் சென்ற பொங்கல் விழா முடிந்து எல்லோரும் சிற்றுண்டி சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது நடந்த ஒரு பேச்சு என் எண்ணத்தை மாற்றிவிட்டது. நம் சங்கத்து இளைஞர் ஒருவர், நல்ல பிள்ளை, கணினித் துறையில் இருப்பவர், ஏதோ பேச்சுவாக்கில் முஸ்லிம்களைப் பற்றி, "அவங்க எல்லாருமே அப்படித்தான் சார்" என்றார். "உனக்கு எத்தனை முஸ்லிம்களைத் தெரியும் தம்பி?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "பழக்கமெல்லாம் யாருமில்லை சார். ஆனா தெரியும்" என்றார்.

பழக்கமில்லை, ஆனால் தெரியும். இந்த ஐந்தாறு நாளாக அல்ல, ஐந்தாறு மாதமாக அந்த வார்த்தை என் காதில் இருக்கிறது. அவரை நான் கடிந்து பேச முடியவில்லை. காரணத்தைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன்.

சீட்டும் சரக்கும்

நான் பேராசிரியன் அல்லன். துணி வியாபாரி. 1981-இல் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இந்த அகமதாபாத்துக்கு வந்து, கோரா துணி வாங்கி அச்சுப் போட்டு ஈரோட்டுக்கும் சென்னைக்கும் அனுப்பிப் பிழைத்தவன். படித்ததெல்லாம் கடை மூடிய பிறகு படித்ததுதான். எங்கள் தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு. பேலின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துச் சரக்கு வாங்கக் கூடாது. பெரிய மில்லின் சாப்பா இருக்கும். உள்ளே துணி கஞ்சி ஏற்றிய துணியாக இருக்கும். கையில் எடுத்துக் கசக்கினால் மாவாக உதிரும். ஒரு முறை நனைத்தால் மெலிந்து போகும். ஆகவே பேலைப் பிரி, துணியைத் தொடு, விரலில் தேய்த்துப் பார் என்பார் என்னைத் தொழிலில் சேர்த்துக்கொண்ட பெரியவர்.

துணிக்கு இருக்கிற இந்தப் புத்தி மனிதர் விஷயத்தில் நமக்கு வருவதில்லை. நாம் மனிதர்மேல் ஒட்டும் சீட்டுகள் எவ்வளவு உதவாதவை என்பதற்கு நானே ஒரு சாட்சி. தமிழ்நாட்டில் நான் சமணன் என்று சொன்னால், "சேட்டா நீங்க? தமிழ் நல்லா பேசறீங்களே" என்பார்கள். இங்கே அதையே சொன்னால், "மதராசியில் ஜைனர் எப்படி இருக்க முடியும்?" என்று குஜராத்தி ஜைன நண்பர்களே சந்தேகப்படுவார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் சமணர் மொத்தமே சுமார் 89,000 பேர். அதிலும் வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைய. ஆக, என் சீட்டை எந்த ஊரிலும் சரியாகப் படித்தவர் இல்லை.

பெரிய சீட்டுகளின் கதையும் அப்படித்தான். 'ஹிந்து' என்பது முதலில் ஒரு மதத்தின் பெயரே அல்ல. சிந்து நதியின் பெயரைப் பாரசீகர் தம் நாவுக்கு ஏற்ப உச்சரித்தது. அந்த நதிப் பக்கத்து நாட்டுக்கும் மக்களுக்கும் ஆன பெயர். அதேபோல, இஸ்லாமியர் இந்தியாவுக்கு வந்த முதல் சில நூற்றாண்டுகளில் வடமொழிக் கல்வெட்டுகள் அவர்களைப் பெரும்பாலும் மதத்தால் அழைக்கவில்லை. அரபு நாட்டவரைத் தாஜிகர் என்றன, துருக்கியரைத் துருஷ்கர் என்றன, மேற்கேயிருந்து வந்தவர் என்ற பொதுப் பொருளில் யவனர் என்றன. நம் தமிழில் துருஷ்கர் துலுக்கரானார், யவனர் சோனகரானார். பிற்பாடு வந்த மரக்காயர், ராவுத்தர் என்ற பெயர்களைப் பாருங்கள். ஒன்று மரக்கலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது, மற்றொன்று குதிரை வீரரைக் குறிப்பது. எங்கிருந்து வந்தார், என்ன தொழில் செய்தார் என்றுதான் நம் முன்னோர் பார்த்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'பள்ளி' என்ற சொல் பழந்தமிழில் எங்கள் சமண முனிவர்கள் தங்கிய இடத்துக்குப் பெயர். அவர்கள் அங்கே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததால் கல்விக்கூடம் பள்ளியானது என்பார்கள். அதே பள்ளிதான் இஸ்லாமியருக்குப் 'பள்ளிவாசல்' ஆயிற்று. நாங்கள் விரதம் இருப்பதை நோன்பு என்போம். ரமலானில் அவர்கள் இருப்பதும் நோன்புதான். எங்கள் பக்கத்தில் தமிழ்ச் சமணரை 'நயினார்' என்பார்கள். தமிழ் முஸ்லிம்களிடையிலும் நயினார் என்ற பெயர் வழங்குகிறது. மொழி இவர்களைப் பிரித்து வைக்கவில்லை. நாம்தான் பிரித்து வைத்தோம்.

காம்பேயிலிருந்து வந்த முறையீடு

நாம் பிழைக்க வந்த இந்தக் குஜராத்தின் சரித்திரத்தில் ஒரு கதை உண்டு. நம் குடும்பத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. புகாராவில் பிறந்த முகம்மது அவ்ஃபி என்ற பாரசீக எழுத்தாளர் 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுத்த 'ஜவாமி உல் ஹிகாயத்' என்ற பெருநூலில் இது இருக்கிறது. அவ்ஃபி காம்பே நகரில், அதாவது இன்றைய கம்பாத்தில், சில காலம் வாழ்ந்தவர். அங்கே கேட்ட செய்தியாக எழுதியிருக்கிறார்.

அன்ஹில்வாடா பாட்டனிலிருந்து ஜயராஜன் என்ற அரசன் ஆண்ட காலம். 1094 முதல் 1143 வரை ஆண்ட சித்தராஜ ஜயசிம்மனே இவன் என்று வரலாற்றறிஞர் பலரும் கொள்கிறார்கள். பாங்கு சொல்லும் கோபுரத்தோடு காம்பேயில் ஒரு பள்ளிவாசல் இருந்தது. யாரோ தூண்டிவிட, ஒரு கூட்டம் கோபுரத்தை இடித்துப் பள்ளியைக் கொளுத்தியது. 80 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள்.

அந்தப் பள்ளியில் பிரசங்கம் செய்யும் கதீப் அலி என்பவர் தப்பித் தலைநகருக்கு ஓடிவந்தார். அரண்மனையில் யாரும் காது கொடுக்கவில்லை. ஒவ்வொருவரும் தம்மவரைக் காப்பாற்றவே பார்த்தார்கள் என்கிறார் அவ்ஃபி. அரசன் வேட்டைக்குப் போகிறான் என்று தெரிந்ததும், கதீப் காட்டில் ஒரு மரத்தின் பின்னால் காத்திருந்து, யானையை வழிமறித்து முறையிட்டார். நடந்ததையெல்லாம் உள்ளூர் மொழியில் பாட்டாகவே எழுதி வைத்திருந்தார். அதை அரசன் கையில் கொடுத்தார்.

அரசன் அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லவில்லை. கதீப்பைப் பத்திரமாக வைத்திருக்கும்படி ஓர் ஆளிடம் ஒப்படைத்தான். மூன்று நாள் அந்தப்புரத்தில் இருக்கப் போகிறேன், யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று அமைச்சரிடம் பொறுப்பை விட்டான். அன்றிரவே ஒட்டகத்தில் ஏறித் தனியாகப் புறப்பட்டான். பாட்டனிலிருந்து கம்பாத் இன்றைய சாலையில் சுமார் 200 கிலோமீட்டர் இருக்கும். ஓர் இரவும் ஒரு பகலுமாகப் போய்ச் சேர்ந்தான். வியாபாரி வேஷம் போட்டுக்கொண்டு கடைவீதியில் அங்கங்கே நின்று விசாரித்தான். முஸ்லிம்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை, அநியாயமாகக் கொன்றுவிட்டார்கள் என்பது விளங்கியது. திரும்பும்போது ஒரு பாத்திரத்தில் கடல் நீரை மொண்டு எடுத்துக்கொண்டான்.

மறுநாள் சபை கூடியது. கதீப் தம் வழக்கைச் சொன்னார். எதிர்த் தரப்பார் அவரை மிரட்டி, அவர் சொல்வது பொய் என்று சாதிக்கப் பார்த்தார்கள். அரசன் ஒன்றும் பேசவில்லை. அந்தத் தண்ணீரை அவர்களுக்குக் குடிக்கக் கொடுக்கச் சொன்னான். வாயில் வைத்தால் உப்பு. யாராலும் குடிக்க முடியவில்லை. அப்போதுதான் அவன் விஷயத்தைச் சொன்னான். இந்த வழக்கில் மதம் கலந்திருப்பதால் யார் பேச்சையும் நம்ப முடியவில்லை. ஆகவே நானே காம்பேக்குப் போய் விசாரித்து வந்தேன் என்றான். கலகத்துக்குக் காரணமான ஒவ்வொரு பிரிவிலும் தலைவர் இருவரைத் தண்டித்தான். பள்ளியையும் கோபுரத்தையும் திரும்பக் கட்ட ஒரு லட்சம் பாலோத்ரா நாணயம் கொடுத்தான்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த ஒட்டகப் பயணம்தான். அவனுக்கு ஒற்றர்கள் இல்லையா? அமைச்சர்கள் இல்லையா? சிவபக்தனான அரசன், தன் மதத்தார் மேல் வந்த புகாரைத் தன் கண்ணால் பார்க்கப் போனான். 'பழக்கமில்லை, ஆனா தெரியும்' என்று அவன் சொல்லவில்லை. இதை எழுதி வைத்தவர் ஒரு முஸ்லிம் என்பதும் கவனிக்க வேண்டியது. எண்பது பேர் செத்ததை மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால் இன்று அது ஒரு பகைக் கதையாக நின்றிருக்கும். நீதி கிடைத்ததையும் சேர்த்து எழுதினார்.

சோமநாதர் ஊரில் ஒரு பள்ளிவாசல்

"எல்லாம் சரி, சோமநாதர் கோயிலை இடித்தார்களே?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். 1026-இல் கஜினி முகமது சோமநாதபுரத்தைக் கொள்ளையடித்தான், கோயிலை உடைத்தான். இதை மூடி மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஆனால் அதே ஊரில் 238 ஆண்டுகள் கழித்து என்ன நடந்தது என்று பாருங்கள். 1264-இல் ஹோர்மூஸ் துறைமுகத்தைச் சேர்ந்த நூருத்தீன் பிரோஸ் என்ற கப்பல் வணிகர் சோமநாதப் பட்டணத்தில் ஒரு பள்ளிவாசல் கட்டினார். குஜராத்தை ஆண்டவன் வாகேலா அரசன் அர்ஜுனதேவன். இதற்கு வடமொழியில் ஒன்றும் அரபியில் ஒன்றுமாக இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. வடமொழிக் கல்வெட்டில் ஹிஜ்ரி 662, விக்ரமம் 1320, வலபி 945, சிம்மம் 151 என்று நான்கு ஆண்டுக் கணக்குகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வியாபாரியான எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. எந்த ஊர்க்காரன் வந்து படித்தாலும் தேதி விளங்க வேண்டும் என்று பத்திரம் எழுதியிருக்கிறார்கள்!

அந்த வடமொழிப் பகுதி இறைவனை விசுவநாதன் என்றும், விசுவரூபன் என்றும், சூன்யரூபன் என்றும் போற்றித் தொடங்குகிறது. உருவமில்லாத அல்லாவுக்கு உள்ளூர்ப் பண்டிதர் கண்டுபிடித்த பெயர்கள் அவை. நிலம் கிடைக்க உதவிய உள்ளூர்ப் பிரமுகர் சாடா என்பவரை, பிரோஸின் 'தர்ம பாந்தவர்' என்கிறது. பள்ளியின் விளக்கெண்ணெய்க்கும் தொழுகை நடத்துபவருக்கும் வருமானம் ஒதுக்கி, மிச்சத்தை மக்காவுக்கும் மதீனாவுக்கும் அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. கஜினியின் கதை அந்த ஊருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும், கோயிலை இடித்தவன் வேறு, கப்பலில் சரக்குக் கொண்டுவருகிற இவர் வேறு என்று பிரித்தறியும் புத்தி அவர்களுக்கு இருந்தது.

எங்கள் சமண வணிகர் ஒருவரையும் இங்கே சொல்லாமல் போனால் என் மனம் ஆறாது. கட்சுப் பகுதியில் பத்ரேசுவரம் என்ற துறைமுகம் இருந்தது. அங்கே 1159-60 ஆண்டைச் சேர்ந்த முஸ்லிம் நினைவிடம் இன்றும் இருக்கிறது; இந்தியாவில் தேதி தெரிந்த மிகப் பழைய இஸ்லாமியக் கட்டடங்களில் அது ஒன்று. அந்த ஊரில் 13-ஆம் நூற்றாண்டில் ஜகடு என்ற ஜைனப் பெருவணிகர் இருந்தார். 1256 முதல் மூன்றாண்டு நீடித்த பஞ்சத்தில் தம் களஞ்சியங்களைத் திறந்து தானியம் கொடுத்தவர் என்று குஜராத் முழுவதும் பெயர் பெற்றவர். சர்வானந்த சூரி என்ற ஜைன முனிவர் எழுதிய 'ஜகடு சரிதம்', இவர் ஜைனக் கோயில்களைப் புதுப்பித்ததோடு முஸ்லிம்களுக்காக ஒரு பள்ளிவாசலும் கட்டினார் என்கிறது. கடல் வணிகம் செய்தவர். அரபு வணிகரோடு உறவு வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். இருக்கட்டுமே. நல்ல வியாபாரத்துக்கு இரண்டு பக்கமும் லாபம் இருக்க வேண்டும். அதை ஒரு துறவி தம் நூலில் புகழ்ச்சியாக எழுதியிருக்கிறாரே, அதுதான் பெரிது.

இடித்த கையும் திருப்பிக் கொடுத்த கையும்

நம் அகமதாபாத்துக்கே வருவோம். இந்நகரின் பெரும் நகை வணிகர் சாந்திதாஸ் ஜவேரி சரஸ்பூரில் சிந்தாமணி பார்சுவநாதருக்கு அழகான கோயில் கட்டினார். 1645-இல் குஜராத்தின் சுபேதாராக இருந்த இளவரசர் ஔரங்கசீப் அதைக் கெடுத்துப் பள்ளிவாசலாக மாற்றினார். சமணனான எனக்கு இது வலிக்கிற செய்திதான்.

சாந்திதாஸ் பேரரசர் ஷாஜஹானிடம் முறையிட்டார். 1648-இல் ஷாஜஹான் பர்மான் அனுப்பினார். கட்டடத்தைச் சாந்திதாஸிடம் ஒப்படைக்க வேண்டும், அங்கே தங்கியிருக்கும் பக்கிரிகளை வெளியேற்ற வேண்டும், எடுத்துப் போன கட்டுமானப் பொருள்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது உத்தரவு. கோயில் பழைய நிலைக்கு வரவில்லை என்பது உண்மை. ஆனால் இடித்தவரும் முஸ்லிம், திருப்பிக் கொடுக்கச் சொன்னவரும் முஸ்லிம், மகனும் தந்தையும்! இதில் எவரை வைத்து 'அவங்க எல்லாரும்' என்று எழுதுவது? போதாக்குறைக்கு, அதே ஔரங்கசீப் பேரரசரான பின் 1660-இல் சத்ருஞ்சயம், கிர்நார், ஆபு மலைகளின் உரிமையை அதே சாந்திதாஸுக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு மனிதரையே ஒரு சீட்டில் அடக்க முடியவில்லை என்னும்போது கோடிக்கணக்கான பேரை எப்படி அடக்குவது?

இந்த இடத்தில் என் சொந்த ஊர்க் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மதுரையில் 8000 சமணர் கழுவேறியதாகக் கதை உண்டு. 7-ஆம் நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்வது. சமகாலச் சான்று இல்லை என்பதால் இதைச் சரித்திரமாக ஏற்காத அறிஞர்கள் உண்டு. ஆயினும் கோயில் சுவர் ஓவியங்களிலும் திருவிழாக்களிலும் அந்தக் கதை இருக்கிறது. சிறு வயதில் அந்தப் படத்தை ஒரு கோயிலில் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் என் தந்தையாரிடம், "நம்மை ஏன் குத்தினார்கள்?" என்று கேட்டிருக்கிறேன். அவர் சொன்னது இதுதான்: "அது எந்தக் காலமோ. நாளைக்கு உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் கூட்டிப் போகப் போறது முதலியார் வீட்டு அண்ணன்தான். அவரா குத்தினார்?"

முதலியார் வீட்டு அண்ணன் சைவர். எங்களுக்குப் பொழுது சாய்ந்தால் உணவில்லை என்று தெரிந்து, அவர் வீட்டுக் கல்யாணத்தில் எங்களுக்காகச் சூரியன் இருக்கும்போதே இலை போடுவார்கள். 7-ஆம் நூற்றாண்டுக்கு அவரிடம் கணக்குக் கேட்க எனக்குத் தோன்றியதில்லை. அப்படியானால் 1026-க்கும் 1645-க்கும் ஜமால்பூர் அச்சுப் பட்டறைக்காரரிடம் கணக்குக் கேட்பது என்ன நியாயம்?

ஜமால்பூரில் இருவர்

1946 ஜூலை 1. ரத யாத்திரை நாள். நகரில் கலவரம் மூண்டது. காங்கிரஸ் சேவா தளத்தில் சேர்ந்து தொண்டாற்றிய இரு நண்பர்கள், வசந்தராவ் ஹெகிஷ்டேயும் ரஜப் அலி லகானியும், ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், ஜமால்பூர்ப் பகுதியில் கலகக் கூட்டத்தின் முன் போய் நின்று தடுக்கப் பார்த்தார்கள். இருவரும் அங்கேயே கொல்லப்பட்டார்கள். இந்நகரம் இன்றும் அவர்கள் பெயரைச் சேர்த்தே, வசந்த்-ரஜப் என்றே சொல்கிறது. 2015-இல் கெய்க்வாட் ஹவேலியில் அவர்களுக்கு நினைவகம் அமைத்தார்கள். நம் சங்கக் குடும்பங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போய்வரலாம்.

அன்பு என்றால் நாம் கதை, சினிமா என்று நினைத்துவிடுகிறோம். ஓடுகிற கூட்டத்துக்கு எதிராகப் போய் நிற்பதும் அன்புதான். அது எல்லோராலும் முடியாது. என்னால் முடியவில்லை. இனி அதைச் சொல்கிறேன்.

என் பேரேட்டில் ஒரு பாக்கி

ஜமால்பூரில் எனக்கு ஒரு அச்சுப் பட்டறைக்காரர் பழக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரைச் 'சாச்சா' என்பேன். அவர் என்னை, இந்த ஊர் வழக்கப்படி, 'அண்ணா' என்பார். இருபது வருஷம் என் கோரா துணி அவர் பட்டறைக்குத்தான் போனது. எனக்குக் கொடுக்கும் தேநீரை, அந்தி சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று கடிகாரம் பார்ப்பார்.

2002 பிப்ரவரி 27 அன்று கோத்ராவில் ரயில் பெட்டி எரிந்து 59 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து குஜராத்தில் நடந்த கலவரங்களில், 2005-இல் நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த கணக்கின்படி, 790 முஸ்லிம்களும் 254 இந்துக்களும் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில் சாச்சாவின் பட்டறை எரிந்தது. அதில் என் துணி பதினொரு பேல் இருந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை, எப்படிக் கேட்பது? நான்கு மாதம் கழித்து அவரே என் கடைக்கு வந்தார். கையில் ஒரு நோட்டு. "அண்ணா, உன் துணி என் பொறுப்பில் இருந்தது" என்றார். வேண்டாம் சாச்சா என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. மாதம் கொஞ்சமாக மூன்று வருஷம் கட்டித் தீர்த்தார்.

2011-இல் அவருடைய மகன் எங்கள் சொசைட்டியில் ஒரு வீடு வாங்கக் கேட்டு வந்தான். படித்த பையன், வங்கி வேலை. சொசைட்டிக் கூட்டம் நடந்தது. "அவங்க அசைவம் சமைப்பாங்க" என்றார் ஒருவர். வீட்டுக்குள் சமைக்க மாட்டோம் என்று அந்தப் பையனே எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தான். அப்புறம், "இன்றைக்கு ஒருத்தர், நாளைக்குப் பத்துப் பேர்" என்றார் இன்னொருவர். அப்புறம் வீட்டு விலை இறங்கும் என்றார்கள். யாரும் அவனைத் தெரிந்தவர்கள் அல்லர். அந்தக் கூட்டத்தில் அவனைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நான் வாய் திறக்கவில்லை.

சைவ உணவு என்ற பெயரில் அந்தக் கூட்டம் பேசியபோது, சமணனான என்னைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டியதாக நினைவில்லை. ஆட்டாமல் இருந்ததாகவும் நினைவில்லை. ஓர் எறும்பை மிதித்துவிட்டால் பதறுகிற மார்க்கத்தில் பிறந்தவன், ஒரு பிள்ளையின் முகம் வாடியதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழக்கமில்லாதவன் 'தெரியும்' என்று சொல்வது பிழைதான். ஆனால் நன்றாகத் தெரிந்தவன் வாய்மூடி இருப்பது அதைவிடப் பெரிய பிழை. அந்த இளைஞரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வராததற்கு இதுதான் காரணம்.

எங்களுக்குத் தசலட்சண பர்வம் முடிந்ததும் க்ஷமாவணி என்று ஒரு நாள் உண்டு. ஆண்டு முழுவதும் செய்த பிழைகளுக்கு ஒருவரை ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நாள். குஜராத்தி ஜைனர் 'மிச்சாமி துக்கடம்' சொல்வதை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். வழக்கமாக நாம் யாரிடம் கேட்போம்? நமக்கு வேண்டியவர்களிடம்தான். காம்பே ராஜாவின் கதையை நான் முதலில் படித்தது 2013-இல். படித்துவிட்டுப் பல நாள் மனம் ஒரு நிலையில் இல்லை. அவன் 200 கிலோமீட்டர் ஒட்டகத்தில் போனான். எனக்கு ஜமால்பூர் ஆட்டோவில் இருபது நிமிஷம்.

அந்த ஆண்டு க்ஷமாவணியன்று போனேன். சாச்சா கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பையன் ஜுஹாபுராவில் வீடு வாங்கிட்டான் அண்ணா. ஆபீஸுக்குத்தான் தூரம்" என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். அந்தி சாய இன்னும் நேரம் இருந்தது. தேநீர் சொன்னார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. அவர் காலமாகும்வரை ஆண்டுக்கு ஒருமுறை போய்வந்தேன். இப்போது மகன் வீட்டுக்குப் போகிறேன். எங்கள் சொசைட்டியின் எழுதாத விதி இன்னும் மாறவில்லை. ஆனால் இரண்டு கூட்டங்களில் எழுந்து பேசிவிட்டேன். இரண்டிலும் தோற்றேன். அடுத்த கூட்டத்திலும் பேசுவேன்.

அன்பர்களே, பிழைக்க வந்த இடத்தில் நமக்கெதற்கு இந்த வம்பு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 1960-களில் பம்பாயில் 'மதராசி' என்ற ஒரே சீட்டை நம்மவர் எல்லோர் மேலும் ஒட்டி விரட்டப் பார்த்தார்களே, அப்போது நமக்காக யாராவது பேச மாட்டார்களா என்று ஏங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் இந்தச் சங்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது சிறிய விஷயம்தான். செல்பேசியில் 'அவங்க எல்லாரும்' என்று ஒரு செய்தி வந்தால், அடுத்தவருக்குத் தள்ளிவிடும் முன், இதை எழுதியவர் காம்பேக்குப் போய்ப் பார்த்தாரா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். முடிந்தால் நீங்களே போய்ப் பாருங்கள். ஒரு வீட்டுக்குப் போங்கள், ஒரு தேநீர் குடியுங்கள், அவர்களை உங்கள் வீட்டுப் பொங்கலுக்குக் கூப்பிடுங்கள். வரும் ஆண்டு நம் சங்கப் பொங்கலுக்குச் சாச்சாவின் மகன் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அன்று எனக்கு ஜாதி, மதம் என்று ஒன்றும் சொல்லித் தர வேண்டாம். அந்தக் கணினித் துறை இளைஞருக்குப் பக்கத்து இலையில் அவனை உட்கார வைக்க மட்டும் செயலாளர் ஏற்பாடு செய்தால் போதும்.